350 சதுர அடிக் கணக்கு

தாராவி மறுசீரமைப்பில் பேசப்படுவது ஒரே ஒரு எண். அதைச் சரிபார்க்கத் தேவைப்படுவது ஒரு டேப்பும், ஒரு தாளும், ஐந்தாம் வகுப்புக் கணக்கும்தான்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒருவரிடம் வீடு எவ்வளவு பெரியது என்று கேட்டால் சதுர அடியில் பதில் வராது. “பத்துக்குப் பதினஞ்சு அண்ணாச்சி. மேல ஒரு மாடி இருக்கு” என்பார்கள். கொத்தனார், தச்சர், தரகர், வாடகைக்கு வருபவர் என்று எல்லோருக்கும் இந்த மொழி போதுமானதாக இருந்தது. நீளமும் அகலமும் சொன்னால் கட்டில் எங்கே போடலாம், பீரோவை எந்த மூலைக்குத் தள்ளலாம் என்பது கேட்பவரின் கண்முன் வந்துவிடும்.

இப்போது அந்தச் சந்துகளில் வேறொரு எண் உலவுகிறது: 350. மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பத்துக்குக் கிடைக்கவிருக்கும் வீட்டின் பரப்பு. “பத்துக்குப் பதினைந்து” என்பது ஒரு வடிவம். “350 சதுர அடி” என்பது ஒரு பெருக்கல் தொகை. வடிவம் தெரிந்தால் தொகையைக் கண்டுபிடித்துவிடலாம். தொகையை மட்டும் சொன்னால் வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை மாறப்போகும் வீட்டை, வடிவம் தெரியாமல் தொகையை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்வதா என்பதுதான் இன்றைய கேள்வி. அதற்கான விடை வீட்டின் தரை வரைபடத்தில் இருக்கிறது. பில்டர்களின் மொழியில் சொன்னால், ‘பிளான்’.

எண் வளர்ந்த கதை

மும்பைக் குடிசைவாசிகளுக்கு அரசு சொல்லும் எண் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. 1991 திட்டத்தில் 180 சதுர அடி. குடிசை மறுவாழ்வுத் திட்டம் 1990-களின் நடுவில் உருவானபோது 225. பின்னர் 269. அதன் பிறகு 300. இதில் 269 மட்டும் விசித்திரமாகத் தோன்றலாம். அது 25 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் 269 வந்து நிற்கும்.

சுமார் 600 ஏக்கர் கொண்ட தாராவிக்குப் பல திட்டங்கள் வந்து போயின. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்புத் தொகையுடன் அதானி குழுமம் டெண்டரை வென்றது. அந்தக் குழுமத்துக்கு 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் வேலையைச் செய்கிறது. வீடுகளைக் கணக்கெடுப்பது 2024 மார்ச்சில் தொடங்கியது. ‘லைடார்’ என்ற லேசர் கருவி சந்துகளை அளந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எண் தரப்பட்டது.

அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்தத் தேதிக்கும் 2011 ஜனவரி 1-க்கும் இடையில் வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே 300 சதுர அடி, வாடகை அல்லது தவணை முறையில்.

தேதிகளைப் பற்றிய சண்டை அரசியல்வாதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரியது. சதுர அடியைப் பற்றிய கணக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு உரியது. அதை அவர்களுக்காக வேறு யாரும் போட்டுத் தரப்போவதில்லை.

அரையும் காலும்

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். பிளானில் அகலம் 9 அடி 6 அங்குலம், நீளம் 11 அடி 3 அங்குலம் என்று இருக்கிறது. பரப்பு என்ன?

செல்போனை எடுத்து 9.6-ஐ 11.3-ஆல் பெருக்குபவர்கள் உண்டு. விடை 108.48. அது தவறு. அடிக்குப் பத்து அங்குலம் இல்லை, பன்னிரண்டு. 9 அடி 6 அங்குலம் என்பது ஒன்பதரை அடி. 11 அடி 3 அங்குலம் என்பது பதினொன்றேகால். சரியான விடை 106.875. வித்தியாசம் ஏறத்தாழ 1.6 சதுர அடிதான். ஆனால் சதுர அடி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு அறையில் 32,000 ரூபாய் காணாமல் போகிறது.

இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டரும் தேவையில்லை. தாளில் அறையைச் செவ்வகமாக வரையுங்கள். ஒன்பது அடி முடியும் இடத்தில் ஒரு கோடு, பதினோரு அடி முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அறை நான்கு துண்டாகிறது. பெரிய துண்டு ஒன்பதுக்குப் பதினொன்று: 99. ஓரத்தில் ஒன்பதுக்குக் கால்: இரண்டேகால். இன்னொரு ஓரத்தில் பதினொன்றுக்கு அரை: ஐந்தரை. மூலையில் மிஞ்சும் குட்டித் துண்டு அரைக்குக் கால்: அரைக்கால். கூட்டினால் நூற்றாறே முக்காலே அரைக்கால்.

எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கும்போது பிள்ளைகள் ஏன் நான்கு உறுப்புகள் வருகின்றன என்று விழிப்பார்கள். அந்த நான்கும் இந்த அறையின் நான்கு துண்டுகள்தான்.

அரைக்கால், முக்காலே அரைக்கால் போன்ற சொற்கள் நம் தாத்தாக்களுக்கு அன்றாடப் பேச்சு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியில் பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடும் மனப்பாடம். ‘கணக்கதிகாரம்’ போன்ற தமிழ்க் கணித நூல்களில் நிலம் அளப்பதற்கென்றே கணக்குகள் உண்டு. இந்த மரபை ஆராய்ந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் த. செந்தில்பாபு 2022-இல் வெளியிட்ட நூல், தமிழகத்தில் கணக்கு என்பது அளப்பவர்களின் தொழிலாகவும் அதிகாரமாகவும் இருந்ததைப் பேசுகிறது. அளக்கத் தெரிந்தவனிடம் அளக்கத் தெரியாதவன் கைகட்டி நின்ற கதை புதிதல்ல. லேபர் கேம்ப்பில் இப்போது நாழியும் கோலும் போய் லேசர் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஒரே பரப்பு, வேறு வேறு வீடு

பரப்பு சரியாக இருந்தால் போதுமா? பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி. எட்டுக்குப் பதினைந்தும் 120. ஆறுக்கு இருபதும் 120. மூன்றாவது அறையில் ஆறடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் சுவர் வழி விடாது. நீளவாக்கில் போட்டால் நடைபாதைதான் மிஞ்சும்.

சுற்றளவைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதல் அறைக்கு 44 அடி, இரண்டாவதற்கு 46, மூன்றாவதற்கு 52. ஒன்பது அடி உயரச் சுவர் என்றால் முதல் அறையில் வெள்ளையடிக்க 396 சதுர அடி, மூன்றாவதில் 468. தரை ஒன்றுதான், ஆனால் பெயிண்ட் செலவில் 72 சதுர அடி கூடுகிறது.

மேலே சொன்ன படுக்கையறைக்கு டைல்ஸ் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டடிக்கு இரண்டடி டைல், அதாவது நான்கு சதுர அடி. 106.875-ஐ நான்கால் வகுத்தால் 27 டைல் போதும் என்று தோன்றும். கொத்தனார் 30 கேட்பார். அவர் ஏமாற்றவில்லை. ஒன்பதரை அடி அகலத்துக்கு ஐந்து டைல், பதினொன்றேகால் அடி நீளத்துக்கு ஆறு டைல். ஓரத்தில் வெட்டிய துண்டுகள் அடுத்த ஓரத்துக்குப் பொருந்தாது. ஐயாறு முப்பது. பிளானில் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தால் கொத்தனாரோடு தகராறு மிச்சம்.

வட்டமும் உண்டு. தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் நீல டிரம் இல்லாத வீடு லேபர் கேம்ப்பில் இருக்க முடியாது. அதன் குறுக்களவு ஏறத்தாழ இரண்டடி. வட்டத்தின் பரப்பு மூன்று சதுர அடிக்குச் சற்று மேல். ஆனால் வட்டத்தின் நான்கு மூலைகளிலும் வேறெதையும் வைக்க முடியாது என்பதால் அது பிடிப்பது நான்கு சதுர அடி. இரண்டு டிரம் என்றால் எட்டு. ஏழுக்கு எட்டு அடி சமையலறையில் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கதவும் இடம் பிடிக்கும். இரண்டரை அடிக் கதவு உள்பக்கமாகத் திறந்தால் தரையில் கால் வட்டம் போடும். அதன் பரப்பு கிட்டத்தட்ட ஐந்து சதுர அடி. நாலுக்கு ஆறு குளியலறையில் ஐந்தில் ஒரு பங்கு. பிளானில் கதவுக்குப் பக்கத்தில் வில் போல வரைந்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. அந்த இடத்தில் வாளியை வைக்க முடியாது என்று அது சொல்கிறது.

தாளில் தொலையும் அளவு

வீட்டு பிளானைக் கையில் தருபவர்களைவிட செல்போனில் படமாக அனுப்புபவர்களே இன்று அதிகம். அங்கேதான் முதல் சிக்கல்.

ஒன்றுக்கு நூறு என்ற அளவில் வரைந்த பிளானில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு மீட்டர். 350 சதுர அடி என்பது சுமார் 32.5 சதுர மீட்டர். தாளில் அது 32.5 சதுர சென்டிமீட்டர். இரண்டு தீப்பெட்டிகளைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய அந்த இடம். நீளம் நூறு மடங்கு சுருங்கும்போது பரப்பு பத்தாயிரம் மடங்கு சுருங்குகிறது.

பெரிய தாளைச் சிறிய தாளில் ஜெராக்ஸ் எடுக்கும் கடைக்காரர் எழுபது சதவீதம் என்று பட்டனைத் தட்டுவார். நீளம் எழுபது சதவீதமாகக் குறையும். பரப்போ பாதியாகிவிடும். ஏழேழு நாற்பத்தொன்பது. அந்தத் தாளின் மீது ஸ்கேலை வைத்து அளப்பவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. செல்போன் திரையில் விரலால் பெரிதாக்கும் படத்துக்கும் இதே கதி.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, எழுதப்பட்டிருக்கும் எண்களை மட்டும் நம்புவது. எண் எழுதாத பிளானுக்கு மதிப்பில்லை. இரண்டு, எண் எதுவும் இல்லாவிட்டால் கதவைப் பிடித்துக்கொள்வது. கழிப்பறைக் கதவு இரண்டரை அடி அளவில்தான் இருக்கும். அந்தக் கதவு எத்தனை முறை வைத்தால் சுவர் முடிகிறது என்று எண்ணினால் அறையின் நீளம் தோராயமாகக் கிடைத்துவிடும். பள்ளியில் விகிதம் என்று சொல்லித் தந்தது இதைத்தான்.

சுவர் யாருடையது?

350 சதுர அடி பிளான் ஒன்றை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஹால் பத்துக்குப் பதிமூன்று: 130. படுக்கையறை நாம் முன்பு பார்த்தது: 106.875. சமையலறை ஏழுக்கு எட்டு: 56. குளியலறை 24. கழிப்பறை மூன்றுக்கு நான்கு: 12. கூட்டினால் 328.875. மீதி 21 சதுர அடி எங்கே?

பாதி சுவருக்குள் இருக்கலாம். நான்கு அங்குலச் சுவர் என்பது மூன்றில் ஒரு பங்கு அடி. அறைகளுக்கிடையே முப்பது அடி நீளத்துக்கு அப்படிச் சுவர் போனால் பத்து சதுர அடி சுவருக்கே போய்விடும். மீதி பதினொன்று அறைகளுக்கு நடுவே நடந்து போகும் வழி.

இந்தப் பத்து சதுர அடி கார்ப்பெட் ஏரியாவில் சேருமா, சேராதா? 2016-இல் வந்த ரேரா சட்டத்தின்படி சேரும். வெளிச்சுவர்களை நீக்கிவிட்டு, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் அந்தச் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா. ஆனால் 1990-களில் 225 சதுர அடி வீடு தந்த மும்பைக் குடிசை மறுவாழ்வு விதிகள் உள்சுவர்களையும் நீக்கியே கணக்கிட்டன. குளியலறை, கழிப்பறை, பால்கனி ஆகியவற்றை உள்ளே சேர்த்துக்கொண்டன. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. எனவே, பிளானைக் காட்டுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை சதுர அடி?” என்பதல்ல. “எதிலிருந்து எதுவரை அளந்தது?” என்பதுதான்.

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் பழக்கமானது. மனையடி சாஸ்திரம் பார்ப்பவர் டேப்பைப் பிடித்தவுடன் உள்கூடு அளவா, வெளிச்சுவர் அளவா என்றுதான் கேட்பார். அவர் சொல்லும் பலன்களை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்தக் கேள்வியை இரவல் வாங்கலாம்.

சொந்தப் பணத்தில் வீடு வாங்க செம்பூருக்கோ கல்யாணுக்கோ போகிறவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. “500 சதுர அடி, முப்பது சதவீத லோடிங்” என்பார் தரகர். 500-இல் முப்பது சதவீதத்தைக் கழித்து 350 என்று மனக்கணக்குப் போடுகிறோம். லோடிங் என்பது கார்ப்பெட் ஏரியாவின் மேல் ஏற்றியது. 500-ஐ 1.3-ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 385. கழித்துப் போட்ட 350-ஐ நம்பி அந்த அளவு வீட்டை ஏற்றுக்கொண்டால் 35 சதுர அடி நஷ்டம். ஒரு சமையலறையில் பாதிக்கு மேல்.

துணியால் கட்டிய வீடு

ஏழை மக்கள் பிளான் படிக்க மாட்டார்கள் என்ற எண்ணம் மும்பையிலேயே பொய்யாகியிருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், மான்குர்த் ஜனதா காலனியில் குடியிருந்து, 1976-இல் அந்தக் காலனி இடிக்கப்படுவதை எதிர்த்துப் போராடியவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கிய அவருக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் மறைந்தார்.

அவருடைய கூட்டமைப்பும், 1984-இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ அமைப்பும், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் சேர்ந்த ‘மகிளா மிலன்’ அமைப்பும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு வேலை செய்தன. தங்களுக்கு வேண்டிய வீட்டைப் பெண்களே அளந்து யோசித்தார்கள். பிறகு மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவில் மாதிரி வீடு கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். உள்ளே நடந்து பார்த்தார்கள். அடுப்பு இங்கே வேண்டாம் என்றார்கள். தரைப்பரப்பைக் கூட்ட முடியாது என்றபோது உயரத்தைக் கேட்டார்கள்: 14 அடி உயர அறை, நடுவில் ஒரு பரண். நூறு சதுர அடி அறையில் பாதிக்குப் பரண் போட்டால் 150 சதுர அடி. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் தரை வரைபடத்துக்கு மூன்றாவது பரிமாணத்தைச் சேர்த்தார்கள்.

கணக்கு வகுப்பில் இல்லாத கணக்கு

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரின் கணக்கை 1985-இல் மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தெருவில், வாடிக்கையாளர் கேட்டபோது, நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகத் தந்தபோது சரியானவை 37 சதவீதம். கணிதக் கல்வி உலகில் புகழ்பெற்ற ஆய்வு இது.

தாராவிக்கும் அந்தக் கேள்வி வந்தது. மான்குர்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த அரிந்தம் போஸ், கே. சுப்பிரமணியம் இருவரும் தாராவி நகராட்சிப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். வீட்டுத் தொழிலிலும் கடையிலும் பழகும் பிள்ளைகளுக்குப் பணமும் அளவைகளும் கைவந்திருந்தன. அந்த அறிவு வகுப்பறைக்குள் நுழைய வழியில்லாமல் வாசலிலேயே நின்றது.

வாசலைத் திறக்கும் முயற்சி பாடப்புத்தகத்தில் நடந்திருக்கிறது. 2005 தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வீட்டின் தரை வரைபடத்தைப் பார்த்து, கதவும் ஜன்னலும் எங்கே என்று யோசிக்க வைக்கும் பாடம் இருந்தது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே படிக்கும் தாராவிப் பிள்ளைகளுக்கு தரை வரைபடம் பாடப்புத்தகப் படம் மட்டுமல்ல. வீட்டில் அம்மாவும் அப்பாவும் இரவில் விவாதிக்கும் விஷயம். “உன் வீட்டை அளந்து வரைந்து வா” என்று ஓர் ஆசிரியர் சொன்னால் பரப்பு, சுற்றளவு, பின்னம், விகிதம், சதவீதம் எல்லாம் ஒரே தாளில் வந்து சேரும். குடும்பத்துக்கு ஓர் ஆவணமும் மிஞ்சும். இடிக்கப்பட்ட பிறகு எந்த வீட்டையும் அளக்க முடியாது.

பிளானில் வராதவை

பிளானைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் இல்லாததும் தெரியும். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். பத்துக்குப் பதினைந்து வீதம் இரண்டு தளம், மொத்தம் 300 சதுர அடி, பத்துப் பேர். தலைக்கு 30. எல்லோரும் 350 சதுர அடிக்குப் போனால் தலைக்கு 35. கணக்குப்படி லாபம். ஆனால் அங்கே ஏணியும் இல்லை, மாடியும் இல்லை. இரண்டு குடும்பம் ஒரு வாசல். அல்லது தம்பி தாராவியை விட்டு வெளியே.

வாசலுக்கு முன்னால் இருக்கும் நான்கடிச் சந்து யாருடைய பிளானிலும் இல்லை. பாத்திரம் கழுவுவதும், துணி உலர்த்துவதும், அப்பளம் காய்வதும், பிள்ளைகள் எழுதுவதும் அங்கேதான். விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் வீடுகளுக்குப் பாதி சமையலறை அதுதான். பத்தடி முகப்பு உள்ள வீட்டுக்கு அந்தச் சந்து 40 சதுர அடி. எதிர்வீட்டுக்காரரோடு பங்கு போட்டால் 20. புதிய கட்டடத்தில் அதற்கு ஈடு என்ன என்று கேட்பதற்கு முதலில் அந்த 20-ஐ எழுதி வைக்க வேண்டும்.

ஒரு யோசனை: சாக்பீஸ் எடுத்து, மேலே போட்ட பிளானை முழு அளவில் தரையில் வரைந்து பார்க்கலாம். ஹால், சமையலறை, கதவின் கால் வட்டம், டிரம் வைக்கும் மூலை எல்லாவற்றையும். அதில் பத்துப் பேர் படுத்துப் பார்க்கலாம். லேபர் கேம்ப்பின் சந்துக்குள் இதைச் செய்ய முடியாது. அகலம் போதாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்தான் செய்ய வேண்டும். கணக்கு வாத்தியாரையும் கூப்பிடலாம்.